ஆறு ஃப்ரேம்

ஈஜிபுராவில் எங்கள் அறை ஜன்னலுக்கு எதிரே
மேம்பாலம் பாதியில் நிற்கிறது.
தூண்கள் உண்டு, மேலே சாலை இல்லை.
என் விளையாட்டும் அதுதான்:
தூணுக்குத் தூண் தாவுகிற ஒரு பெண்,
முதுகில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்.
ஒவ்வொரு தாவலுக்கும் கொஞ்சம் தளும்பும்.
விழுந்தால் முதலிலிருந்து.

பகலெல்லாம் நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
ரசீது போடுகிறவள்.
இரவு பத்துக்கு மேல்
மூக்கடைத்த குரலில் யாரோ ஒரு பிரேசில்காரர்
இலவசமாய்ச் சொல்லித்தருவதை
ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டு
புவியீர்ப்பை எழுதினேன்.
முதல் முறை எழுதியதில்
அவள் வானத்துக்குள் விழுந்தாள்.

கீழ்க்கடையில் செல்போன் பழுதுபார்க்கும் இம்தியாஸ்
ஆடிப் பார்த்தான்.
"நான் அழுத்தினேன், அது குதிக்கலை.
உன் கேம் பொய் சொல்லுது."
பொய்யில்லை. அவன் அழுத்தியபோது
அவள் கால் ஏற்கெனவே காற்றில்.
கணக்கு என் பக்கம்தான்.
ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பதினொரு வாரம்.
தூணை அகலமாக்கினேன். வேகத்தைக் குறைத்தேன்.
கேனைப் பாட்டிலாக்கிப் பார்த்தேன், சகிக்கவில்லை.
இம்தியாஸின் விரலே தடிமன் என்று முடிவுகட்டினேன்.

அப்புறம் ஒருநாள், சில்க் போர்டு நிறுத்தத்தில்,
விசில் ஊதிய பிறகும்
செருப்பைக் கையில் பிடித்து ஓடிவந்த ஒருவருக்காக
டிரைவர் பிரேக்கில் லேசாகக் கால் வைத்ததைப் பார்த்தேன்.
அன்றிரவு ஒரே ஒரு வரி:
விளிம்பைத் தாண்டிய பின்னும் ஆறு ஃப்ரேம் வரை
அவள் தரையில் இருப்பதாகவே கொள்க.
நொடியில் பத்தில் ஒரு பங்கு.
இம்தியாஸ் ஒன்பது தூண் தாண்டினான்.
"இப்ப நல்லா ஆடுறேன்ல?"
ஆமாம் என்றேன்.

"ஓ, அதுவா," என்றாள் பூமிகா,
நூடுல்ஸ் கிண்டியபடி.
ஐந்து வருடம் படித்தவள், மரங்கள் நிறைந்த வளாகத்தில்.
"அதுக்குப் பேர் இருக்கே.
இரண்டாம் செமஸ்டர், செவ்வாய்க்கிழமை மதிய வகுப்பு."
பெயரைச் சொன்னாள். ஏதோ ஒரு விலங்கின் பெயர்.
என் பதினொரு வாரம்
ஒரு செவ்வாய்க்கிழமைக்குள் மடங்கி உட்கார்ந்தது.
காடு வெட்டி, முள் மிதித்து,
யாருமே வராத ஊருக்குப் போய்ச் சேர்ந்தால்
அங்கே பஸ் ஸ்டாண்டு இருக்கிறது.
அழுதேன். அவமானமா நிம்மதியா,
இன்னும் தெரியவில்லை.

பூமிகா அடுப்பை அணைத்தாள்.
"இப்படி முந்நூறு பேர் எனக்குத் தெரியும்.
ஆபீஸ்ல என்ன பண்றேன் தெரியுமா?
சீட்டாட்ட ஆப்பில் காசு கொட்டுற சத்தத்துக்கு
நேரம் குறிக்கிறேன்.
படிப்புக் கடன் மாசம் பதினேழாயிரம்."
கொஞ்ச நேரம் சாப்பிட்டோம்.
"இருந்தாலும் போ. ராத்திரி ரெண்டு மணிக்கு
உன் கேம் கேவலமா இருக்குன்னு சொல்ல
அங்க ஆறு பேர் முழிச்சிருப்பாங்க.
வீடியோ அதைச் சொல்லாது."
காலையில் பல் துலக்கிக்கொண்டே,
"போகாதே," என்றாள்.

இன்று வெள்ளி.
முதல் தவணை ஒரு லட்சத்து நாற்பதாயிரம்,
இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குள்.
வங்கியில் இருக்கிறது, ஏறக்குறைய.
ஒரு திரையில் கல்லூரியின் கட்டணப் பக்கம்.
பக்கத்துத் திரையில் அவள், தூணின் நுனியில்.
சும்மா நிற்கும்போதும் அவள் தோள் ஏறி இறங்கும்.
நான் பழக்கியது.
அதற்கும் ஒரு பெயர் இருக்கும், ஏதாவதொரு வகுப்பில்.

ஐம்பத்தெட்டு.
இந்தக் கட்டணப் பக்கத்தை எழுதியது யாரோ.
பட்டம் வாங்கியவரோ,
என்னைப்போல் ராத்திரியில் கற்றவரோ.
பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு
அழுத்தாமல் இருக்கிறேன்.
விளிம்புக்கு அப்பால்
எத்தனை ஃப்ரேம் விட்டுவைத்திருக்கிறார்
என்று பார்க்கவேண்டும் எனக்கு.